'மௌன வசந்தம்' கூறும் மண்ணும் நீரும்

சுற்றுப்புறக் கேட்டைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் தவறாமல் குறிப்பிடப்படும் நூல், ரேச்சல் கார்சன் எழுதிய 'சைலண்ட் ஸ்பிரிங்'. தமிழில் இதனை 'மௌன வசந்தம்' என்கிறோம். 1962-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'நியூயார்க்கர்' இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து, அதே ஆண்டு செப்டம்பரில் நூல் வடிவம் பெற்றது. இதன் ஆசிரியர் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையில் நீர்வாழ் உயிரியலாளராகப் பணியாற்றியவர், 1964-இல் காலமானார். நூல் வெளிவந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1972-இல், டி.டி.டி.யை வேளாண்மையில் பயன்படுத்துவதை அமெரிக்க அரசு தடை செய்தது.

பறவைகள் பாடாத வசந்த காலம் என்பது இந்நூலின் பெயர் சுட்டும் பொருள். ஆகவே பொது வாசகர்களின் கவனம் பறவைகளின் மீதே பெரிதும் சென்றது. நாம் இங்கே எடுத்துக்கொள்வது வேறு இரண்டு இயல்கள். நான்காம் இயல் ஆறு, ஏரி, நிலத்தடி நீர் ஆகியவற்றைப் பற்றியது. ஐந்தாம் இயல் மண்ணைப் பற்றியது. இவ்விரு இயல்களும் எழுப்பும் எச்சரிக்கை இன்றும் பொருந்துவதே. ஆனால் நஞ்சு மண்ணில் எவ்வாறு தங்குகிறது, மண்ணிலிருந்து நீருக்கு எவ்வாறு செல்கிறது என்ற இயற்பியல் கேள்விக்கு இவற்றில் தெளிவான விடை இல்லை. அவ்விடை இல்லாமையால் வாசகர் தவறான முடிவுக்கு வர இடமிருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூல் காட்டும் இரு நிகழ்ச்சிகள்

நான்காம் இயலில் இரண்டு நிகழ்ச்சிகள் விரிவாகக் கூறப்படுகின்றன. முதலாவது, அமெரிக்காவின் டென்வர் நகருக்கருகில் இருந்த ராக்கி மவுண்டன் படைக்கலச் சாலை. 1943 முதல் இங்கே போர்க்கால இரசாயனங்கள் செய்யப்பட்டன. பின்னர் இதே இடத்தில் பூச்சிக்கொல்லிகளும் செய்யப்பட்டன. கழிவுநீர் குட்டைகளில் தேக்கி வைக்கப்பட்டது. சில மைல் தொலைவில் இருந்த உழவர்களின் கால்நடைகள் நோயுற்றன. கிணற்று நீர் பாய்ந்த பயிர்கள் கருகின. ஆராய்ந்து பார்த்தபோது, குட்டைகளில் இருந்த பொருள்கள் நிலத்தடி நீரோடு சேர்ந்து, ஏறத்தாழ 3 மைல் தொலைவை 7 அல்லது 8 ஆண்டுகளில் கடந்து வந்திருப்பது தெரிந்தது. 2,4-டி என்னும் களைக்கொல்லியும் சில கிணறுகளில் காணப்பட்டது.

இரண்டாவது, கலிபோர்னியாவிலுள்ள கிளியர் ஏரி. சிறு கொசு போன்ற பூச்சிகளின் தொல்லையை ஒழிப்பதற்காக, 1949-இல் டி.டி.டி.யின் நெருங்கிய உறவான டி.டி.டீ. என்ற பொருள் இந்த ஏரியில் கலக்கப்பட்டது. 7 கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு என்பதே அளவு. 1954-இலும் 1957-இலும் மீண்டும் கலந்தார்கள். அப்போது 5 கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு. சில காலத்தில் ஏரி நீரில் அந்த நஞ்சின் சுவடே இல்லை. ஆனால் கிரீப் என்னும் நீர்ப்பறவைகள் செத்து மிதந்தன. அவற்றின் கொழுப்பில் பத்து இலட்சத்துக்கு 1,600 பங்கு நஞ்சு இருந்தது. நீரில் கலந்த அளவைப்போல் இது 80,000 மடங்கு.

இரண்டு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, 'நஞ்சு நீரில் விழுந்தால் எங்கும் பரவும்' என்ற ஒரே முடிவு நம் மனத்தில் பதிகிறது. ஆசிரியர் விரும்பியதும் அதுவே. ஆனால் சற்று நின்று பாருங்கள். முதல் நிகழ்ச்சியில் நஞ்சு நீரோடு மைல் கணக்கில் ஓடுகிறது. இரண்டாவதில் நஞ்சு நீரைவிட்டு ஓடுகிறது. இவை ஒன்றுக்கொன்று எதிரான நடத்தைகள் அல்லவா? இந்த வேறுபாட்டை நூல் எடுத்துரைக்கவில்லை.

நீர் தள்ளுகிறது, மட்கு ஏற்கிறது

நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சிறிது நேர்மின்னூட்டமும் மறுபக்கம் சிறிது எதிர்மின்னூட்டமும் உடையது. ஆகவே நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகப் பற்றியுள்ளன. டி.டி.டி. மூலக்கூறில் இவ்வாறான மின்னூட்டப் பிரிவு மிகக் குறைவு. அது நீரினுள் நுழைய வேண்டுமானால் நீர் மூலக்கூறுகளின் பிடியை விலக்கி இடம் பிடிக்க வேண்டும். அதற்கு ஈடாக எந்தப் பிணைப்பையும் அது தர இயலாது. எனவே நீர் அதை வெளியே தள்ளிவிடுகிறது. ஒரு லிட்டர் நீரில் சில மைக்ரோகிராம் டி.டி.டி. மட்டுமே கரையும். எண்ணெயும் நீரும் சேராதது எதனாலோ அதனாலேயே இதுவும் நிகழ்கிறது.

நீர் தள்ளிய பொருள் எங்கே செல்லும்? எண்ணெய்த் தன்மையுள்ள இடத்துக்குச் செல்லும். மண்ணில் அத்தகைய இடம் மட்கு. இலை, வேர், சாணம் முதலியவை அழுகி உண்டாகும் கருநிறப் பொருளே மட்கு. உயிரினங்களின் உடலில் அத்தகைய இடம் கொழுப்பு. கிளியர் ஏரிப் பறவையின் கொழுப்பில் நஞ்சு சேர்ந்ததும், வயல் மண்ணின் மட்கில் நஞ்சு சேர்வதும் அடிப்படையில் ஒரே விதியின் இரு முகங்கள். மீன் சிறு உயிரைத் தின்பதும் பறவை மீனைத் தின்பதும் அதற்கு மேலும் வலுவூட்டுகின்றன.

மண்ணில் நஞ்சைப் பிடித்து வைப்பது களிமண்ணின் பரப்புக் கவர்ச்சியே என்ற கருத்து நெடுநாள் நிலவியது. உலர்ந்த மண்ணில் அது சரியே. ஆனால் ஈரமான மண்ணில் களிமண்ணின் பரப்பை நீரே பிடித்துக்கொள்கிறது. மின்னூட்டமற்ற கரிமச் சேர்மங்கள் அங்கே மட்கினுள் கரைந்து தங்குகின்றன என்ற விளக்கத்தை சியூ, பீட்டர்ஸ், ஃபிரீட் ஆகிய மூவரும் 1979-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். நூல் வெளிவந்து 17 ஆண்டுகளுக்குப் பின் வந்த விளக்கம் இது. எனவே இவ்விளக்கம் நூலில் இல்லை என்பதற்காக ஆசிரியரைக் குறைகூற இயலாது. இருந்த செய்திகளை ஒப்பிட்டுக் காட்டாததையே குறையாகக் கூறலாம்.

2,4-டி இதற்கு மாறானது. அது ஓர் அமிலம். மண்ணிலுள்ள நீரில் அது எதிர்மின்னூட்டம் பெற்ற அயனியாக மாறிவிடுகிறது. களிமண்ணின் பரப்பும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் உடையதே. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். எனவே மண்ணின் பிடி தளர்ந்து, அது நீரோடு எளிதில் செல்கிறது.

நான்கு கிலோ மண் கணக்கு

மண்ணின் பிடி எவ்வளவு என்பதை எண்ணால் காட்டினால் வேறுபாடு நன்கு விளங்கும். இதற்குப் பள்ளிக் கணிதமே போதும்.

நிலத்தடி மணற்படுகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவில் 100-க்கு 40 பங்கு இடைவெளி. இடைவெளி முழுவதும் நீர் நிறைந்துள்ளது. மணல் துகளின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு. கணக்கிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு லிட்டர் நீரைச் சுற்றியும் ஏறத்தாழ 4 கிலோகிராம் மணல் இருக்கும். அம்மணலில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்கிலுள்ள கரி என்று வைத்துக்கொள்வோம்.

சமநிலையில், ஒரு லிட்டர் நீரில் இருக்கும் டி.டி.டி.யைப்போல் சுமார் 2 இலட்சம் மடங்கு, ஒரு கிலோகிராம் மட்குக் கரியில் இருக்கும். நம் மணலில் கரி ஆயிரத்தில் ஒரு பங்கே. எனவே ஒரு கிலோகிராம் மணலில் 200 மடங்கு. 4 கிலோகிராமில் 800 மடங்கு. அதாவது 801 டி.டி.டி. மூலக்கூறுகளில் எந்த நேரத்திலும் ஒன்றுதான் நீரில் இருக்கும். மற்ற 800-ம் மண்ணில் ஒட்டியிருக்கும். நீரில் இருப்பது மட்டுமே நகரும். ஆகவே டி.டி.டி.யின் சராசரி வேகம் நீரின் வேகத்தில் 801-இல் ஒரு பங்கு.

அட்ரசின் என்ற களைக்கொல்லிக்கு இதே கணக்கைப் போடுங்கள். அதற்கு 2 இலட்சம் என்ற எண்ணுக்குப் பதில் சுமார் 100 என்று கொள்ளலாம். 4 கிலோகிராம் மணல் பிடித்து வைப்பது 0.4 மடங்கே. அதன் வேகம் நீரின் வேகத்தில் ஏழில் ஐந்து பங்கு. நீர் ஏழரை ஆண்டுகளில் கடக்கும் 3 மைல் தொலைவை அட்ரசின் பத்தரை ஆண்டுகளில் கடக்கும். டி.டி.டி. கடப்பதற்கு 6,000 ஆண்டுகள் ஆகும்!

நகரப் பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று செல்வதையும், விரைவுப் பேருந்து ஓரிரு இடங்களில் மட்டும் நிற்பதையும் ஒப்பிட்டு நோக்குக. இரண்டும் ஓடும்போது வேகம் ஒன்றே. நிற்கும் நேரம்தான் வேறு. மாணவர்கள் இதைக் கண்ணால் காணவும் முடியும். சாக்குக் கட்டி ஒன்றின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பேனா மையால் ஒரு புள்ளி இட்டு, புள்ளி நனையாதவாறு கட்டியை நீரில் நிறுத்தி வையுங்கள். நீர் ஏறும்போது மையிலுள்ள நிறங்கள் தனித்தனியே பிரிந்து வெவ்வேறு உயரங்களில் நிற்கும். சாக்கு எந்த நிறத்தை வலுவாகப் பற்றுகிறதோ அது பின்தங்குகிறது. நிலத்தடியில் நஞ்சுகளுக்கு நேர்வதும் இதுவே.

நூலின் குறை எங்கே?

நிலத்தடி நீர் ஓரிடத்தில் கெட்டால் எல்லா இடத்து நீரும் கெட்டதற்குச் சமம் என்ற கருத்தை நான்காம் இயல் வலியுறுத்துகிறது. எச்சரிக்கை என்ற அளவில் இது போற்றத்தக்கது. கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீரை நாம் குப்பைத் தொட்டியாக்கிவிட்டோம் என்பதைப் பொதுமக்களுக்கு எளிய நடையில் உணர்த்திய பெருமை இந்நூலுக்கு உண்டு. ஆனால் எல்லா நஞ்சும் எல்லா இடத்துக்கும் ஒரே விதமாகச் செல்லும் என்ற எண்ணம் இதனால் உண்டாகிறது. மேலே கண்ட கணக்கு அதை மறுக்கிறது.

ஐந்தாம் இயலோ மண்ணில் நஞ்சு ஆண்டுக்கணக்கில் தங்குவதை மட்டும் பேசுகிறது. சார்லஸ் டார்வின் மண்புழுவைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியை நினைவூட்டி, மண் உயிருள்ள ஒன்று என்பதை அழகாக விளக்குகிறது. ஆயினும் மண்துகளுக்கும் அதைச் சூழ்ந்த நீருக்கும் இடையே நொடிதோறும் நிகழும் கொடுக்கல் வாங்கல் பேசப்படவில்லை. நீரை ஓர் இயலிலும் மண்ணை மற்றோர் இயலிலும் வைத்ததால், இடையிலுள்ள வாயில் விடுபட்டுப் போயிற்று.

இது வெறும் ஏட்டுக் குறை அன்று. நெடுநாள் தங்கும் நஞ்சு கெடுதல் என்பது மட்டுமே மக்கள் மனத்தில் பதிந்தால், மண்ணில் ஒட்டாத, நீரில் எளிதாகக் கரையும் பொருள்கள் நல்லவை என்ற எண்ணம் தானே வந்துவிடும். அட்ரசின் அதற்குச் சான்று. அது டி.டி.டி.யைப்போல் கொழுப்பில் குவிவதில்லை. ஆனால் நிலத்தடி நீரை எட்டிவிடுகிறது. லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற குடிநீர் வரம்பை நிலத்தடி நீரில் மீறும் என்ற காரணத்தாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் அதற்கு அனுமதி மறுத்தது.

ஒட்டியது நகராதா?

இனி மறுபக்கத்தைக் காண்போம். 'டி.டி.டி. நீரில் கரையாது, மண்ணைவிட்டு நகர 6,000 ஆண்டுகள் ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுவிட்டீர்கள். பின் நீருக்கு என்ன கேடு?' என்று ஒருவர் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு நூலிலேயே விடை இருக்கிறது என்பதுதான் வியப்பு.

முதலாவதாக, மண்ணே நகரக்கூடியது. பெருமழையில் வயலின் மேல்மண் கரைந்து செந்நிற வெள்ளமாக ஓடையில் சேர்வதை நாம் பார்த்திருக்கிறோம். துகளில் ஒட்டிய நஞ்சும் துகளோடு ஆற்றுக்குச் செல்கிறது. நம் கணக்கு நிலத்தடி நீருக்கு உரியது. மண்ணரிப்புக்கு உரியது அன்று. தரையில் வெடிப்புகளும் வேர்த் துளைகளும் இருந்தால், அவற்றின் வழியே நீரும் துகளும் விரைந்து இறங்கிவிடுவதும் உண்டு.

இரண்டாவதாக, மட்கின் ஒரு பகுதி நீரில் கரையக்கூடியது. எண்ணெய்க் குளியலின்போது வெறும் நீரை எவ்வளவு ஊற்றினாலும் எண்ணெய் போவதில்லை. சீயக்காய் தேய்த்தால் நீரோடு போய்விடுகிறது. கரைந்த மட்கும் ஓரளவு அவ்வேலையைச் செய்கிறது. நீர் ஏற்காத நஞ்சைத் தன்னோடு சுமந்து செல்கிறது.

மூன்றாவதாக, உயிரினங்கள். எட்டாம் இயலில் கூறப்படும் ராபின் பறவைகளின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எல்ம் மரங்களுக்கு டி.டி.டி. தெளித்தார்கள். இலைகள் உதிர்ந்தன. அவற்றை மண்புழுக்கள் தின்றன. அடுத்த வசந்தத்தில் வந்த ராபின்கள் அப்புழுக்களைத் தின்று மாண்டன. பெரிய புழுக்கள் 11 இருந்தாலே ஒரு ராபினைக் கொல்லப் போதிய நஞ்சு சேர்ந்துவிடும் என்று நூல் குறிப்பிடுகிறது. ஓர் அங்குலம்கூட நீரோடு நகராத நஞ்சு, புழுவின் வழியே பறவையை அடைந்துவிட்டது.

ஆகவே மண்ணில் ஒட்டுதல் என்பது நஞ்சின் வழியை மாற்றுகிறதே தவிர, நஞ்சை ஒழிப்பதில்லை.

ஒரே நஞ்சு, இரண்டு இடங்கள்

நூலாசிரியர் காலத்துக்குப் பின் நடந்த ஒரு நிகழ்ச்சி இக்கருத்தை நன்கு விளக்கும். குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லி 'கெப்போன்' என்ற பெயரில் விற்கப்பட்டது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹோப்வெல் என்ற ஊரில் இதைச் செய்த தொழிற்சாலையின் தொழிலாளர்கள் கடுமையாக நோயுற்றதால், 1975-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அருகிலுள்ள ஜேம்ஸ் ஆற்றிலும் நஞ்சு கலந்திருந்தது. ஆற்றில் மீன்பிடிக்க விதிக்கப்பட்ட தடைகள் 1988-இல்தான் முற்றிலும் நீங்கின. ஆற்றைத் தூர்வாரவில்லை. நஞ்சு அடிச்சேற்றில் ஒட்டிக்கொண்டது. ஆண்டுதோறும் வந்த புதுவண்டல் அதன்மேல் படிந்து மூடியது. இங்கே ஒட்டுந்தன்மை மனிதனுக்கு உதவியது எனலாம். ஆனால் நஞ்சு அங்கேயேதான் புதைந்து கிடக்கிறது.

இதே பொருள் கரீபியன் கடலிலுள்ள குவாதலூப், மார்த்தினிக் என்னும் பிரெஞ்சுத் தீவுகளில் வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிக்க 1972 முதல் 1993 வரை இடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் தீவுகள் இவை. பிரான்சில் 1990-இலேயே தடை வந்தும், இத்தீவுகளுக்கு மட்டும் 1993 வரை விலக்கு அளிக்கப்பட்டது. இங்குள்ளவை எரிமலை மண்வகைகள். அவற்றின் மட்கில் நஞ்சு பற்றிக்கொண்டது. மழை பெய்யுந்தோறும் சிறிது சிறிதாக நீருக்கு வந்துகொண்டிருக்கிறது. சில மண்வகைகள் தூய்மையாகப் பல பத்தாண்டுகள் ஆகும் என்றும், ஆண்டோசால் என்ற மண்வகைக்குப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளார்கள். ஊற்று நீரிலும், கிழங்குப் பயிர்களிலும், கரையோர மீன்களிலும் நஞ்சு காணப்பட்டது. அத்தீவுகளின் வயதுவந்தோரில் 100-க்கு 90 பேருக்கு மேல் இரத்தத்தில் அது இருப்பது தெரியவந்துள்ளது. 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இப்பொருளை ஒழிக்கவேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

அத்தீவுகளின் குடிநீர் நிலையங்களில் நஞ்சை நீக்கப் பயன்படுவது கிளர்வூட்டிய கரி. நீர் தள்ளும் மூலக்கூறைக் கரி பற்றிக்கொள்கிறது. மண் நஞ்சைச் சேமித்து வைக்கக் காரணமான அதே இயல்பு இங்கே மருந்தாகிறது. ஆனால் குழாய் நீரைக் கரியில் வடிகட்டலாம். மலைச்சரிவு முழுவதையும் வடிகட்ட முடியாது.

ஒரே மூலக்கூறு ஓரிடத்தில் புதைந்து அடங்கியது. மற்றோரிடத்தில் தலைமுறைகளைத் தொடர்கிறது. மண்ணின் வகை, மழை, நிலத்தின் சரிவு, உழவு ஆகியவற்றைக் கேட்காமல் 'இது தீங்கானது' 'இது தீங்கற்றது' என்று ஒரு பொருளுக்கு முத்திரையிட இயலாது என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

'மௌன வசந்தம்' ஓர் இயற்பியல் நூல் அன்று. அவ்வாறு எதிர்பார்ப்பதும் முறையன்று. பூச்சிக்கொல்லிகளை அறவே பயன்படுத்தக் கூடாது என்றுகூட அது கூறவில்லை. விளைவறியாதவர் கையில் அளவின்றி நஞ்சைக் கொடுப்பதையே அது கண்டிக்கிறது. அதன் சான்றுகளில் பல இன்றைய விளக்கத்தோடு ஒத்துப்போகின்றன என்பது ஆசிரியரின் கூர்த்த நோக்குக்கு அடையாளம். குறை, சான்றுகளை ஒரே குவியலாகக் குவித்ததில் இருக்கிறது. அச்சம் உண்டாக்க அது போதும்; முடிவெடுக்க அது போதாது.

எனவே மாணவர்கள் இந்நூலை அவசியம் படிக்க வேண்டும். படிக்கும்போது ஒவ்வொரு நஞ்சின் பெயர் வரும் இடத்திலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது சிதையாமல் எவ்வளவு காலம் இருக்கும்? மண்ணில் எவ்வளவு பங்கும் நீரில் எவ்வளவு பங்கும் தங்கும்? அந்த மண்ணும் அந்த நீரும் எங்கே போகின்றன? ஒரு மருந்துப் புட்டியைக் காட்டி 'இது நீரில் கரையாது, பயமில்லை' என்று விற்பவரிடமும், 'இது மண்ணில் தங்காது, பயமில்லை' என்று விற்பவரிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். கரையாதது வண்டலையும் உயிரினங்களையும் தேடும். தங்காதது கிணற்றைத் தேடும். நம் வீட்டுக் கிணறு எத்தகைய மண்ணில் தோண்டப்பட்டிருக்கிறது என்பதை அறிந்துகொள்வது இவ்வாராய்ச்சியின் முதல் படி.